‘இறங்காதே’ என்று கத்திய மத்தியானம்

போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் என் வீட்டுக்கு எதிரே புதிதாக ஒரு கடைக் கட்டிடம் எழும்பியிருக்கிறது. கீழே மருந்துக்கடை, மேலே கம்ப்யூட்டர் சென்டர். தற்காலிக இணைப்பை நிரந்தரமாக்குவதற்கு முன் வயரிங்கைச் சோதிக்க மின்சார இலாகாவிலிருந்து ஒரு இளம் பெண் இன்ஜினியர் வந்திருந்தாள். நான் அந்த இலாகாவில் வயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னையும் உள்ளே கூப்பிட்டுப் போய்ச் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து காட்டினாள்.

"அங்கிள், இந்த பட்டனை அழுத்துங்க."

அழுத்தினேன். டப்பென்று கட்டிடம் முழுக்க விளக்கு அணைந்தது.

"ஒரு ஆள் மேல துளி கரண்ட் பாய்ஞ்சாக்கூட இதுவே கட் பண்ணிடும். உங்க காலத்துல இது இல்லாம என்ன பண்ணினீங்க?"

"ஆள் வெச்சிருந்தோம்மா" என்றேன்.

தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் தமாஷாகச் சொல்லவில்லை. அந்த ஆளைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

நான் தூத்துக்குடிக்காரன். அங்கே ஒரு மில்லில் வயரிங் வேலை கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, அறுபதுகளின் நடுவில் போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறினேன். மெயின்லாண்டில் கற்ற வேலையில் பாதி இங்கே செல்லாது என்று வந்த முதல் மழைக்காலத்திலேயே தெரிந்துவிட்டது. உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்து இற்றுப்போகும். எர்த் குழி தோண்டினால் கொஞ்ச ஆழத்தில் பாறை தட்டும். கடைகளெல்லாம் மரச்சுவர், மரத்தூண், மேலே தகரக் கூரை. டீசல் பவர் ஹவுஸில் ஒரு மிஷின் படுத்துவிட்டால் ஊரைப் பங்கு போட்டு, ஒரு பகுதிக்குக் காலை, ஒரு பகுதிக்கு மத்தியானம் என்று முறைவைத்துக் கரண்ட் விடுவார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் ஞானமுத்து சார். நாகர்கோவில்காரர், அசிஸ்டன்ட் இன்ஜினியர். கடைகள், லாட்ஜுகள், கம்பெனிகளின் வயரிங்கைச் சோதிப்பது அவர் பொறுப்பு. ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, இரண்டும் கஞ்சி போட்டு விறைப்பாக நிற்கும். எடுபிடி வேலை செய்யும் கலாசியிலிருந்து எல்லாரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவரோடு வேலைக்குப் போக எங்களில் யாரும் முந்திக்கொள்ள மாட்டோம். காரணம் ஒரே ஒரு கேள்வி.

"லைன் ஆஃப் சார்" என்று நாம் சொல்வோம்.

"பார்த்தீங்களா, நினைச்சீங்களா?" என்பார்.

பார்த்தேன் என்று சொன்னால் எப்படிப் பார்த்தோம் என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் ப்யூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதை அங்கேயே வைக்கக் கூடாது, நம் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வேறொருவன் தெரியாமல் சொருக முடியாது. பிறகு டெஸ்ட் லாம்ப். ஒரு ஹோல்டரில் பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், அவ்வளவுதான். அதை நேராக வேலை செய்யும் இடத்தில் வைக்கக் கூடாது. கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் முதலில் வைத்து, எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வைக்க வேண்டும். எரியாவிட்டால் மறுபடி பழைய இடத்தில் வைத்து, பல்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் கம்பியைத் தொடும்போதும் உள்ளங்கையால் தொடக் கூடாது, புறங்கையால் தொட வேண்டும். உள்ளங்கையில் ஷாக் அடித்தால் விரல்கள் கம்பியை இறுக்கிக்கொள்ளும்; புறங்கை என்றால் உதறிக்கொண்டு விலகும்.

இன்னொரு தொல்லையும் அவர் எங்களுக்கு வைத்திருந்தார். ஷாக் அடித்தவனுக்கு மூச்சு வரவைப்பது எப்படி என்ற படம் போட்ட தகட்டைப் பெரிய லோடு வாங்கும் கடைகள் எல்லாம் மாட்டியாக வேண்டும் என்பது விதி. மாட்டினால் போதும் என்று கடைக்காரர்கள் மட்டுமில்லை, நாங்களும் நினைத்தோம். அவர் விடமாட்டார். ஒரு நாள் ஆபீஸ் வராந்தாவில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து எல்லாருக்கும் செய்து காட்டினார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கைகளை மடக்கித் தலைக்கு அடியில் வைத்து, என் தலைமாட்டில் ஒரு முழங்காலை ஊன்றினார். இரண்டு உள்ளங்கையையும் என் முதுகில் பதித்து முன்னால் சாய்ந்து அழுத்தினார். அழுத்தியபோது என் மூச்சு வெளியே போனது. பிறகு என் முழங்கைகளைப் பிடித்துத் தன் பக்கமாகத் தூக்கினார். மூச்சு தானாக உள்ளே வந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாம், "வேலாயுதத்துக்கு ஓசி மாலிஷ்" என்று ஹிந்தியிலும் தமிழிலும் கேலி செய்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வெட்கப்பட்டு நிறுத்தாதீங்க. டாக்டர் வந்து நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்றார்.

மழைக்காலம் தொடங்கப் போகிற சமயம். பஜாரில் ஒரே நீளமான தகரக் கூரைக்குக் கீழே ஒரு கடை வரிசை இருந்தது. ஒரு முனையில் காசிம் ராவுத்தரின் டீக்கடை, நடுவில் துணிக்கடையும் தையல் கடையும், மறு முனையில் பரமசிவம் முதலாளியின் ஐஸ் கம்பெனி. பரமசிவம் எங்கள் ஊர்ப் பக்கம்தான். நான் புதிதாகக் கல்யாணம் முடித்து மனைவியை அழைத்து வந்தபோது, தங்க இடமில்லாமல் தவித்த எங்களுக்குத் தன் வீட்டுப் பின்கட்டைக் கொடுத்தவர்.

அன்றைக்கு அந்த வரிசைக்கு மத்தியானம் கரண்ட் இல்லாத முறை. கம்பிகளின் இன்சுலேஷனை மெக்கர் வைத்துச் சோதிக்க கரண்ட் இல்லாத நேரம்தான் தோது. அது கையால் சுற்றும் கருவி. சுற்றினால் அதுவே சோதிக்கும் கரண்டை உண்டாக்கும். நானும் சாரும் துணிக்கடைக்குள் இருந்தோம். நான் சுற்றிக்கொண்டிருந்தேன், அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூரைமேல் இரண்டு ராஞ்சிக்காரர்கள் காலையிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அண்ணன் மங்ரா, தம்பி சோம்ரா. தகரத்தில் ஆணி இற்ற இடத்திலெல்லாம் புது ஆணி அடித்துவிட்டு, சிவப்பு பெயின்ட் பூசிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் நடக்கிற சத்தம் எங்கள் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்தது.

திடீரென்று வெளியே ஒரு அலறல். அதைத் தொடர்ந்து எதுவோ பொத்தென்று விழுந்த சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். டீ குடிக்க இறங்கிய மங்ரா சாக்கடை ஓரமாகக் கிடந்தான். ஒரு கால் இரும்பு ஏணியின்மேல் கிடந்தது. கண் மேலே சொருகியிருந்தது. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "மிர்கி, மிர்கி" என்று யாரோ கத்தினார்கள். வலிப்பு என்று அர்த்தம். தையல்காரர் ஒரு சாவிக்கொத்தை அவன் கைக்குள் திணிக்கக் குனிந்தார்.

"யாரும் தொடாதீங்க!"

ஞானமுத்து சாரின் குரல்தான். அவரால் அப்படிக் கத்த முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"கரண்ட்டே இல்லியே சார், ஷாக் எப்படி அடிக்கும்?" என்றார் தையல்காரர்.

சார் மங்ராவின் வலது கையைக் காட்டினார். விரல்களின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு வெந்திருந்தது. தகரத்தின் விளிம்பு எப்படி வளைந்திருந்ததோ அதே வளைவு.

மேலே சோம்ரா அண்ணனைப் பார்த்துவிட்டான். "பய்யா! பய்யா!" என்று கத்திக்கொண்டே கூரைச் சரிவில் உட்கார்ந்தபடி விளிம்பை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தான். ஏணிக்கு இன்னும் இரண்டு கை நீளம்தான்.

"மத் உத்ரோ! இறங்காதே! ஏணியத் தொடாதே!" நானும் சாரும் ஒன்றாகக் கத்தினோம்.

அவன் நின்றான். புரிந்து நின்றானா, பயந்து நின்றானா தெரியாது.

சார் டீக்கடைப் பக்கம் திரும்பினார். "ராவுத்தரே, காய்ஞ்ச பெஞ்ச் ஒண்ணு, காய்ஞ்ச மூங்கில் ஒண்ணு."

காசிம் ராவுத்தர் எதற்கு என்று கேட்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெஞ்சின் காலால் மங்ராவின் காலை ஏணியிலிருந்து தள்ளினோம். பிறகு மூங்கிலால் ஏணியை நெம்பி ரோட்டில் சாய்த்தேன். அது விழுந்த சத்தத்தில் சோம்ரா விம்மி அழுதான். "சீடி க்யோங் ஹடாயா? ஏணிய ஏன் எடுத்தீங்க?" என்று எங்களைப் பார்த்துக் கும்பிட்டான்.

விஷயம் இதுதான். கூரை மரத்தூண்கள்மேல் நின்றது. அதில் கரண்ட் ஏறியிருந்தாலும், அதன்மேல் முழுசாக உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது, மின்கம்பியில் உட்கார்ந்த காக்கை மாதிரி. ஆனால் ஏணியின் கால் சாக்கடைத் தண்ணீருக்குள் இருந்தது. தலை மர உத்தரத்தில் சாய்ந்திருந்தது. கை தகரத்திலும் கால் ஏணியிலும் பட்ட அந்த நொடியில்தான் கரண்ட் மண்ணுக்கு இறங்க மங்ரா பாலமாகிவிட்டான். தம்பி ஒரு காலைக் கீழே நீட்டினால் அவனுக்கும் அதே கதிதான். இதை அழுதுகொண்டிருக்கிற ஒருவனுக்கு, நாங்கள் பேசுகிற அரைகுறை ஹிந்தியில் எப்படிப் புரியவைப்பது?

சார் மங்ராவின் மூக்கில் கை வைத்துப் பார்த்தார். மூச்சு இல்லை. கழுத்தில் வைத்தார். "நாடி இருக்கு" என்றார். அடுத்த நொடி அந்த வெள்ளைக் கால்சட்டையோடு சாக்கடைச் சேற்றில் முழங்கால் போட்டுவிட்டார். மங்ராவைக் குப்புறத் திருப்பி, வாயில் விரல் விட்டுத் துடைத்து, கைகளை மடக்கி வைத்தார். அழுத்தினார். தூக்கினார்.

"வேலாயுதம்" என்றார், அழுத்திக்கொண்டே. "சர்வீஸ் ப்யூஸ்."

அதாவது, கரண்ட் இல்லாத முறை என்றாலும் பவர் ஹவுஸ் எப்போது வேண்டுமானாலும் திருப்பி விடலாம். ஓடிப்போய் அந்த வரிசையில் மற்றக் கடைகளின் ப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கிப் பையில் போட்டேன்.

"டெஸ்ட் லாம்ப்." தூக்கினார். "கூரைக்கும் எர்த்துக்கும்."

கம்பு நுனியில் ஒரு வயரைக் கட்டித் தகரத்தின் விளிம்பில் வைத்தேன். இன்னொரு வயரைத் துணிக்கடையின் எர்த் குழாயில் கட்டியிருந்தேன். ப்யூஸ் என் பையில். ஊர்க் கரண்ட் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனாலும் பல்பு எரிந்தது. மங்கலாகக்கூட இல்லை, பளிச்சென்று.

கூட்டம் அப்படியே பின்வாங்கியது. அதுவரை "இதர் ஆவோ, இங்கே குதி" என்று சோம்ராவுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத கரண்டைவிட பயங்கரமானது எங்கள் தொழிலில் கிடையாது.

"காலையில ஏறி வேலை செஞ்சிருக்காங்க. ஒண்ணும் ஆகலை" என்றார் சார். அழுத்தல். "இப்ப என்ன மாறியிருக்கு?"

அவர் கேட்ட பிறகுதான் என் காதில் அது விழுந்தது. இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. வரிசையின் மறுகோடியில் ஐஸ் கம்பெனியின் டீசல் ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஊர்க் கரண்ட் நிற்கும்போது மட்டும் அவர்கள் அதைப் போடுவார்கள்.

"போங்க" என்றார் சார். "இன்ஜினை நிறுத்துங்க. யார் என்ன சொன்னாலும்."

கடல் பக்கமிருந்து மழை கறுத்துக்கொண்டு வந்தது. ஈர பெயின்ட் பூசிய தகரச் சரிவு அது. மழை விழுந்தால் சோம்ராவால் அங்கே உட்கார முடியாது, வழுக்கிக்கொண்டு விளிம்புக்கு வந்துவிடுவான். தகரத்தைப் பிடித்துத் தொங்கினால் கால் ஈரத்தூணில் படும். எனக்குத் தெரிந்தது சாருக்கும் தெரியும். தலையைத் தூக்காமலே ஹிந்தியில் அவனிடம் பேசினார்.

"சோம்ரா, உச்சிக்குப் போய் உட்காரு. உன் பய்யா கேட்டுட்டுதான் இருக்கான். அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இரு. நிறுத்தாதே."

நான் ஓட ஓட எனக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது. "மங்ரா பய்யா! ஓ மங்ரா பய்யா!"

ஐஸ் கம்பெனி வாசலில் பரமசிவம் முதலாளி நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, இன்ஜினை நிறுத்தணும். கூரையில கரண்ட் இருக்கு."

"என் ஜெனரேட்டரு என் மிஷினுக்கு மட்டுந்தாம்ல ஓடுது. அந்தப் பக்கம் லைனே கெடையாது. எவனோ ஏணியில வழுக்கி விழுந்தா என்கிட்ட வாரியா?"

"இல்லன்னா நல்லதுதான். நிறுத்திப் பாத்துருவோம்."

"துறைமுகத்துல கப்பலுக்கு ஐஸ் போயிட்டிருக்கு. இப்ப நிறுத்தினா கெட்டுப்போகும். உள்ள கால வைக்காத வேலாயுதம், சொல்லிட்டேன்."

அவர் வீட்டில் குடியிருக்கிறவன் நான். காலையில் அவர் வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் இறைத்துவிட்டு வந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி உள்ளே போய், சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் பிடியைக் கீழே இழுத்தேன். ஐஸ் மிஷின் முனகி நின்றது.

"லாம்ப் அணைஞ்சுதா?" என்று வெளியே பார்த்துக் கத்தினேன்.

கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் காசிம் ராவுத்தர். "எரியுது! இன்னும் எரியுது தம்பி!"

ஒரு கணம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இங்கேயும் இல்லையா? அப்படியானால் எங்கே? வெளியே தகரத்தில் முதல் மழைத்துளிகள் டப் டப்பென்று விழும் சத்தம். "மங்ரா பய்யா" என்ற குரல் உடைய ஆரம்பித்திருந்தது.

இன்ஜினை நிறுத்துங்கள் என்றுதான் சார் சொன்னார், சுவிட்சை அல்ல. ஜெனரேட்டர் அருகே ஓடிக் குனிந்து பார்த்தேன். அங்கே இருந்தது. ஜெனரேட்டரின் முனையிலேயே, மெயின் சுவிட்சுக்கு வருவதற்கு முன்னாலேயே, தனியாக ஒரு கேபிள் எடுத்து மரச்சுவரின் இடுக்கு வழியாக மேலே கூரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பக்கத்துக் கடைகளுக்கு இருட்டு நேரத்தில் விளக்குக்குக் கொடுக்கிற திருட்டு லைன். தகரத்துக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே அது ஓடியிருக்கிறது. காலையில் அடித்த ஆணிகளில் ஒன்று அதன்மேல் இறங்கியிருக்கிறது.

இன்ஜின் ஓட்டுகிற ஆள் என்னைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். நான் அவனைத் தள்ளிவிட்டு டீசல் வருகிற வழியை அடைத்தேன். இன்ஜின் இரண்டு மூன்று தடவை இருமிவிட்டு நின்றது.

"அணைஞ்சிருச்சு!" ராவுத்தரின் குரல்.

கூட்டம் ஹோவென்று கத்தியது. நான் வெளியே வந்தபோது நாலைந்து பேர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"ஏணியக் கீழ போடுங்க!" என்றார் சார். இப்போதும் அழுத்திக்கொண்டுதான் இருந்தார். மழைத் தண்ணீரும் வியர்வையும் அவர் மூக்கு நுனியில் சொட்டின. "வேலாயுதம், கரண்ட் போச்சா, பல்பு போச்சா?"

எனக்குக் கோபம் வந்தது. ஒருவன் கூரையில் வழுக்கிக்கொண்டிருக்கிறான், இவர் பரீட்சை வைக்கிறார். ஆனால் கேள்வி நியாயமானது. மழைத்துளி பட்டுச் சூடான பல்பு உடைந்திருந்தாலும் அது அணையத்தான் செய்யும். வழக்கம்போல் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்க, அந்த வரிசையில் இப்போது எங்கேயும் கரண்ட் இல்லை. மெக்கரை எடுத்து வந்து பல்பின் இரண்டு வயரையும் அதில் மாட்டிச் சுற்றினேன். முள் நேராகப் பூஜ்யத்துக்குப் போனது. பல்புக்குள் இழை அறவில்லை.

"பல்பு நல்லா இருக்கு சார்."

"எர்த் போடுங்க."

எர்த் குழாயில் கட்டிய வெறுங்கம்பியைச் சுருட்டிக் கூரைமேல் வீசினேன். தீப்பொறி இல்லை. இனி எந்தப் பக்கமிருந்து கரண்ட் வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும்.

"இப்ப ஏணி" என்றார் சார்.

சோம்ரா இறங்கினான். கடைசிப் படிகளில் கால் வைக்கவேயில்லை, குதித்துவிட்டான். நேராக அண்ணன்மேல் விழப்போனவனை ராவுத்தர் இடுப்போடு பிடித்துக்கொண்டார். சார் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அழுத்தல், தூக்கல், அழுத்தல், தூக்கல். நான் மாற்றுகிறேன் என்றேன். தலையை ஆட்டினார். மழை நன்றாகப் பிடித்துவிட்டது. சுற்றி நின்றவர்களில் சிலர் தொப்பியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வயதான பெங்காலி, "சாப், சோட் தீஜியே, விட்டுருங்க" என்றார். தையல்காரர் அழுதுகொண்டிருந்தார்.

அப்போது மங்ரா இருமினான். வாயிலிருந்து நுரையாக ஏதோ வந்தது. பிறகு ஒரு மூச்சு இழுத்தான். கரகரவென்று, கேட்கவே சகிக்காத சத்தம் அது. அதற்குப் பிறகு வெகுநேரம் மூச்சு வரவில்லை. சார் மறுபடி அழுத்தினார். இன்னொரு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரி ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை சார் எழுந்திருக்கவில்லை. ஜீப் போன பிறகு எழ முயன்றார், முடியவில்லை. நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். கூரைமேல் வீசிய எர்த் கம்பி அப்படியே இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

மங்ரா பிழைத்தான். வலது கையில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று.

மறுநாளிலிருந்து வேறு விதமான நெருக்கடி. வரிசை முழுக்க சப்ளை கிடையாது என்று சார் துண்டித்துவிட்டார். பண்டிகை வருகிற நேரம். கடைக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள், மேலதிகாரியைப் பார்த்தார்கள். தற்காலிகமாகவாவது கொடுக்க முடியாதா என்று மேலிருந்து கேட்டார்கள். "சோதனையில பாஸானா அந்த நிமிஷமே கொடுக்கிறேன் சார்" என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

விசாரணை வைத்தபோது பரமசிவம் முதலாளி, அப்படி ஒரு கேபிளே கிடையாது என்றார். சம்பவம் நடந்த அன்று மாலையே அவர் ஆட்கள் அதை உருவி எடுத்துவிட்டிருந்தார்கள். இன்ஜின் ஓட்டுகிறவன் தெரியாது என்றான். ஞானமுத்து சார் அதைப் பார்க்கவில்லை. அவர் சேற்றில் இருந்தார். கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் முதலாளி பின்கட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "ஊருக்காரன்னு எடங்கொடுத்தேன். யோசிச்சுப் பேசு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சார் என்னிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பெரிய பாரமாக இருந்தது. கேட்டிருந்தால் அவருக்காகச் சொன்னேன் என்றாவது ஆகியிருக்கும்.

என் மனைவி செண்பகத்திடம் சொன்னேன். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன? பெட்டி ரெண்டுதான இருக்கு, கட்டிருவோம்."

பார்த்ததைச் சொன்னேன். ஜெனரேட்டர் முனையில், சுவிட்சுக்கு முன்னால், எந்த இடுக்கு வழியாக என்று படம் போட்டுக் காட்டினேன். அந்த இடுக்கில் மரம் தேய்ந்திருந்ததையும், கூரைச் சட்டத்தில் ஆணி இறங்கிய இடத்தில் கருகியிருந்ததையும் போய்ப் பார்த்து வந்தார்கள். முதலாளியின் ஜெனரேட்டருக்குச் சீல் வைத்தார்கள். அந்த வாரமே நாங்கள் ஹாடோ பகுதியில் ஒரு தகரக் கொட்டகைக்குக் குடிபோனோம். அதன்பிறகு பரமசிவம் அண்ணாச்சி என்னோடு பேசவேயில்லை. வழியில் பார்த்தால் ஒதுங்கிப் போவார். எங்களுக்குப் பையன் பிறந்தபோது மட்டும் அவர் வீட்டம்மா பழைய வேட்டித் துணிகளைத் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பினார்கள்.

வரிசை முழுக்கப் பழைய வயரைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டோம். ஒவ்வொரு கடைக்கும் தனி எர்த் குழி; பாறையில் உளி வைத்துத் தோண்டிக் கரியும் உப்பும் போட்டு நிரப்பினோம். கூரைத் தகரத்தையும் எர்த்தோடு சேர்த்துக் கட்டினோம். மழை ஓய்ந்த ஒரு நாள் காலையில் சப்ளை கொடுத்தோம். விளக்குகள் எரிந்தன. ராவுத்தர் எல்லாருக்கும் டீ போட்டார்.

கூரை மட்டும் பாதி சிவப்பும் பாதி துருவுமாக நின்றது. மீதியைப் பூச சோம்ரா வந்திருந்தான். மங்ராவும் கட்டுப்போட்ட கையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஏணியைச் சாத்தினோம். சோம்ரா டப்பாவைக் கையில் எடுத்தான், கீழே வைத்தான், மறுபடி எடுத்தான். ஏற முடியவில்லை.

சார் டெஸ்ட் லாம்பைக் கொண்டுவரச் சொன்னார். கடைக்குள் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துக் காட்டினார். எரிந்தது. கூரைக்கும் எர்த்துக்கும் வைத்தார். எரியவில்லை. மறுபடி கடைக்குள் வைத்தார். எரிந்தது. சோம்ரா மூன்றையும் உற்றுப் பார்த்தான். பிறகு ஹிந்தியில் மெதுவாகச் சொன்னான்.

"அன்னைக்கும் எல்லாரும் கரண்ட் இல்லைன்னுதான் சாப் சொன்னாங்க."

மங்ரா, "ஜா, ஏறு" என்றான். தம்பி அசையவில்லை.

ஞானமுத்து சார் பூட்ஸைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார். வெறுங்காலோடு ஏணி அருகே போய், முதல் படியைப் புறங்கையால் தொட்டார். ஏறினார். நான் யாரும் சொல்லாமலே மெயின் சுவிட்சுக்கு ஓடி, ஏதாவது என்றால் உடனே இழுத்து அணைக்க அதன் பிடியைப் பற்றிக்கொண்டேன். நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. ஒவ்வொரு முனையையும் நானே முறுக்கினேன். ஆனாலும் பிடியை விடவில்லை. உச்சிப் படியில் நின்று அவர் தகரத்தைப் புறங்கையால் தொட்டார். பிறகு திருப்பி, உள்ளங்கை முழுவதையும் அதில் பதித்தார். கால் ஏணியில், கை தகரத்தில். மங்ரா அன்றைக்கு நின்ற அதே நிலை. அப்படியே நின்றார். பிறகு மேலே ஏறிச் சரிவில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கைகளையும் பக்கத்தில் ஊன்றிக் கடலைப் பார்த்தார். சோம்ராவைக் கூப்பிடவில்லை.

சோம்ரா அண்ணனைப் பார்த்தான். டப்பாவின் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு ஏணியில் கை வைத்தான். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினான். விளிம்பு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணோடு கையை நீட்டித் தகரத்தைத் தொட்டான். தொட்ட கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான்.

மேலே போய் டப்பாவை வைத்து, பிரஷை நனைத்துக்கொண்டு, சாரைப் பார்த்துச் சொன்னான்:

"சாப், கொஞ்சம் தள்ளி உட்காருங்க. அங்கதான் பூசணும்."

நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன்.